‘சேவ் ஆகலை’ என்று அழைப்பு வந்தால்

சர்வர் பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். ஆடிட்டர் ஆபீஸ், நூற்பாலை, பள்ளி அலுவலகம் என்று நீங்கள் எங்கே போனாலும் ஒரு மூலையில் ஒரு சர்வரோ நாஸ் பெட்டியோ இருக்கும். அதில் எல்லோருக்கும் பொதுவான ஃபோல்டர் ஒன்று இருக்கும். ஒவ்வொருவர் கணினியிலும் அது இசட் டிரைவாகவோ எஸ் டிரைவாகவோ தெரியும். உங்களுக்கு அடிக்கடி வரப்போகும் அழைப்பு, “சார், ஃபைல் சேவ் ஆக மாட்டேங்குது” என்பதுதான். சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் அந்த நிமிடத்தில் நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தையால் ஒருவருடைய நாள் முழுக்க உழைத்த உழைப்பு பிழைக்கவும் செய்யும், அழியவும் செய்யும். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1. முதலில் திரையில் இருப்பதைக் காப்பாற்றுங்கள்.

காரணத்தைத் தேடுவது அப்புறம். “எதையும் மூடாதீங்க, ரீஸ்டார்ட் பண்ணாதீங்க, வர்றேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பிழைச்செய்தி வந்த அந்த நேரத்தில் கோப்பின் புதிய வடிவம் இருப்பது பெரும்பாலும் அந்தக் கணினியின் மெமரியில் மட்டும்தான். எஃப்12 விசையை அழுத்தினால் ‘சேவ் ஆஸ்’ பெட்டி திறக்கும். டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுத்து, பெயரோடு தேதியும் நேரமும் சேர்த்து அங்கே சேமியுங்கள். சேமித்தாயிற்று என்று நம்பி விட்டுவிடாமல் டெஸ்க்டாப்பில் அந்தக் கோப்பு இருக்கிறதா, அளவு பூஜ்யமாக இல்லாமல் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

ஜூலை கடைசி வாரம், வருமான வரித் தாக்கல் நெருக்கடி. ஓர் ஆடிட்டர் ஆபீஸில் பயிற்சியில் இருந்த பெண் காலையிலிருந்து ஒரே எக்செல் கோப்பில் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் சேவ் ஆகவில்லை. போனில் உதவிக்கு வந்தவர், “ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா” என்றார். அந்தப் பெண்ணும் செய்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது டிரைவ் நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. மதியத்துக்குப் பிறகு அவள் போட்ட கணக்குகள்தான் இல்லை. ஆட்டோரிக்கவர் இருக்கிறதே என்பார்கள். மாற்றாமல் விட்டால் அது 10 நிமிடத்துக்கு ஒரு முறை நகல் எடுக்கும், உண்மைதான். எல்லாம் கைவிட்ட பிறகு போய்ப் பார்க்க வேண்டிய இடம் அது. அதை நம்பி ஒருவரைக் கோப்பை மூடச் சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது.

டெஸ்க்டாப்பில் சேவ் ஆகிவிட்டால் கூடவே ஒரு தகவலும் கிடைத்துவிடுகிறது. எக்செல் சரி, கோப்பும் சரி. தகராறு சர்வரிலோ அதற்குப் போகும் வழியிலோதான். டெஸ்க்டாப்பிலும் ஆகவில்லை என்றால் புதிய கோப்பு ஒன்றைத் திறந்து ஷீட்டுகளை அதற்கு நகலெடுத்துச் சேமித்துப் பாருங்கள்.

2. பிழைச்செய்தியை எழுத்துக்கு எழுத்து வாங்குங்கள்.

“ஏதோ எரர் வருது” என்பது தகவல் ஆகாது. போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எட்டு இலக்க எண் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. 8007 என்று தொடங்கும் எண்களில் கடைசி நான்கு இடங்களில்தான் விஷயம் இருக்கிறது. அது பதினாறடிமான எண். கால்குலேட்டரின் புரோகிராமர் முறையில் போட்டுப் பதின்மமாக மாற்றுங்கள். 80070020 என்றால் 20 என்பது 32. வேறொருவர் கோப்பைப் பிடித்து வைத்திருக்கிறார். 80070005 என்றால் அனுமதி இல்லை. 80070070 என்றால் 112, இடம் இல்லை. 80070035 என்றால் 53. சர்வருக்குப் போகும் வழியே தெரியவில்லை. 80070040 என்றால் 64. இருந்த தொடர்பு நடுவில் அறுந்துவிட்டது. கட்டளைத் திரையில் ‘நெட் ஹெல்ப்எம்எஸ்ஜி’ என்று அடித்து அந்தப் பதின்ம எண்ணையும் கொடுத்தால் விண்டோஸே அதன் பொருளைச் சொல்லிவிடும். இந்த ஐந்து எண்களை மனப்பாடம் செய்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

ஒரு எச்சரிக்கை. ஆபீஸ் நிரல்கள் தாங்களாகவே ஒரு வாசகத்தைக் காட்டும்போது உண்மைக் காரணம் அதற்குப் பின்னால் மறைந்துபோவது உண்டு. செய்தியைக் குறித்துக்கொள்ளுங்கள், அதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

3. எழுந்து போகும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

இவருக்கு மட்டுமா, எல்லோருக்குமா? இந்தக் கோப்பு மட்டுமா, எந்தக் கோப்புமா? இந்த ஃபோல்டர் மட்டுமா, டிரைவ் முழுக்கவா? எப்போதிலிருந்து, அதற்கு முன் என்ன மாறியது? ஒரே கோப்பு எல்லோருக்கும் மறுக்கிறது என்றால் பூட்டு விழுந்திருக்கலாம். ஒரே ஆளுக்கு எல்லாக் கோப்பும் மறுக்கிறது என்றால் அவருடைய லாகினையோ கணினியையோ பாருங்கள். அதே ஆளை வேறு கணினியில் லாகின் செய்யச் சொன்னால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். எல்லோருக்கும் எல்லாமும் நின்றுவிட்டால் நேரே சர்வர் அறைக்குப் போங்கள்.

4. சேவ் என்பது ஒரு வேலை அல்ல, நான்கைந்து வேலைகளின் வரிசை.

நான் சொல்வதில் இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்தாலும் போதும். கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் பழைய கோப்பின் மேலேயே புதியது எழுதப்படுகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நோட்பேட் ஏறக்குறைய அப்படித்தான் செய்கிறது. எக்செல் அப்படிச் செய்வதில்லை. முதலில் அதே ஃபோல்டரில் எட்டு எழுத்துகள் கொண்ட, எக்ஸ்டென்ஷன் இல்லாத ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்குகிறது. முழு ஒர்க்புக்கையும் அதில் எழுதுகிறது. எழுதி முடிந்த பிறகு பழைய கோப்பை நீக்குகிறது. கடைசியில் தற்காலிகக் கோப்புக்குப் பழைய பெயரைச் சூட்டுகிறது. வேர்டும் டிஎம்பி என்று முடியும் கோப்புகளை வைத்து இதே போன்ற மாற்றலைத்தான் செய்கிறது. எழுதும்போது பாதியில் கரண்ட் போனாலும் பழைய கோப்பு பத்திரமாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடு இது.

ஆக, ஒரு எக்செல் கோப்பைச் சேமிக்க அந்த ஃபோல்டரில் புதிய கோப்பு உருவாக்கும் உரிமை, எழுதும் உரிமை, பெயர் மாற்றும் உரிமை, நீக்கும் உரிமை எல்லாமே வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் சேவ் நின்றுவிடும்.

ஒரு நிறுவனத்தில் யாரோ ஒரு முக்கியமான ஃபோல்டரைத் தெரியாமல் அழித்துவிட, “இனிமேல் யாரும் எதையும் டெலீட் செய்யக் கூடாது” என்று முதலாளி சொன்னார். அங்கிருந்த அட்மின் அந்த ஃபோல்டரில் எல்லோருக்கும் நீக்கும் உரிமையை எடுத்துவிட்டார். மறுநாள் காலையிலிருந்து எக்செல் ஒன்றுகூடச் சரியாகச் சேவ் ஆகவில்லை. என்னைக் கூப்பிட்டபோது அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். ‘ஜிஎஸ்டி’, ‘சம்பளம்’, ‘ஸ்டாக்’ என்று பெயர் வைத்த கோப்புகளுக்கு நடுவே, எண்ணும் எழுத்தும் கலந்த எட்டெழுத்துப் பெயர்களோடு ஐகான் இல்லாத வெள்ளைக் கோப்புகள் வரிசை வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒருவர் சேவ் செய்யப் பார்த்துத் தோற்ற முயற்சி. எக்செல் எழுதி முடித்துவிட்டது; பழையதை நீக்கப் போனபோது சர்வர் கையைப் பிடித்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால் சோதித்துப் பார்த்த அட்மின் நோட்பேடில் சோதித்திருக்கிறார். அது சரியாகச் சேவ் ஆகியிருக்கிறது. அதனால் பெர்மிஷனில் குறை இல்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டார்.

எனவே ஒரு ஃபோல்டரைச் சோதிக்கும்போது புதிய கோப்பு ஒன்றை உருவாக்குங்கள், அதில் ஒரு வரி எழுதுங்கள், பெயரை மாற்றுங்கள், பிறகு நீக்குங்கள். எந்தப் படியில் தடுக்கிறதோ அங்கேதான் காரணம் இருக்கிறது. இதைப் பாதிக்கப்பட்டவருடைய லாகினில் செய்ய வேண்டும். உங்கள் அட்மின் லாகினில் எல்லாம் நடக்கும். அதனால் ஒன்றும் தெரியவராது.

அந்த வெள்ளைக் கோப்புகளைக் குப்பை என்று உடனே அழித்துவிடாதீர்கள். அவற்றை வேறிடத்துக்கு நகலெடுத்து, பெயரின் கடைசியில் எக்செலுக்குரிய எக்ஸ்டென்ஷனைச் சேர்த்துத் திறந்து பாருங்கள். தொலைந்துபோனது என்று நினைத்த கணக்கு பல நேரம் அங்கேதான் முழுசாக இருக்கும்.

நீக்கும் உரிமையைப் பிடுங்குவது பாதுகாப்பு ஆகாது. தெரியாமல் அழிப்பதற்கு மருந்து பேக்கப். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

5. பெர்மிஷன் இரண்டு இடத்தில் இருக்கிறது, இரண்டையும் பாருங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வெளி கேட்டுக்கு ஒரு சாவி, வீட்டுக் கதவுக்கு ஒரு சாவி என்பது போல, ஷேர் பெர்மிஷன் ஒன்று, என்டிஎஃப்எஸ் பெர்மிஷன் ஒன்று. நெட்வொர்க் வழியாக வருகிறவருக்கு இரண்டும் சேர்ந்து பொருந்தும். இரண்டில் எது இறுக்கமோ அதுவே செல்லும். விண்டோஸில் ‘அட்வான்ஸ்டு ஷேரிங்’ வழியாகப் புதிதாக ஒரு ஃபோல்டரை ஷேர் செய்தால், நீங்கள் மாற்றாதவரை, எல்லோருக்கும் படிக்கும் உரிமை மட்டும்தான். உள்ளே என்டிஎஃப்எஸ்ஸில் எவ்வளவு திறந்துவிட்டிருந்தாலும் வெளியிலிருந்து எழுத முடியாது. ஷேரில் தாராளமாகக் கொடுத்துவிட்டு, யார் எதைத் தொடலாம் என்பதை என்டிஎஃப்எஸ்ஸில் குழு வாரியாக வகுப்பது நல்ல வழக்கம். ‘அட்வான்ஸ்டு செக்யூரிட்டி’யில் ‘எஃபெக்டிவ் ஆக்சஸ்’ என்று ஒரு தாவல் இருக்கிறது. பெயரைக் கொடுத்தால் அந்த ஆளுக்கு முடிவாக என்ன உரிமை இருக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டும். ஊகிப்பதை விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

இன்னும் இரண்டு விஷயம் இங்கே அடிக்கடி சறுக்கும். ஒருவரைப் புதிதாக ஒரு குழுவில் சேர்த்தால் அவர் லாக் ஆஃப் செய்து மறுபடி உள்ளே வரும்வரை அது அமலுக்கு வராது. “சேர்த்துட்டேன், இன்னும் வரலையே” என்று பெர்மிஷனை மேலும் மேலும் திறந்துகொண்டே போகாதீர்கள். இரண்டாவது, ஒரே டிரைவுக்குள் கோப்பை வெட்டி ஒட்டினால் அது பழைய ஃபோல்டரின் பெர்மிஷனையே சுமந்துகொண்டு வரும். நகலெடுத்தால்தான் புதிய ஃபோல்டரின் பெர்மிஷனை வாங்கிக்கொள்ளும். மேனேஜர் தன் தனி ஃபோல்டரிலிருந்து பொது ஃபோல்டருக்கு நகர்த்திய கோப்பு மட்டும் மற்றவர்களுக்குத் திறக்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

‘எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்’ என்று என்டிஎஃப்எஸ்ஸில் கொடுத்துவிட்டால் அழைப்பு அன்றைக்கு நின்றுவிடும். பிறகு ஒரு கணினியில் ரான்சம்வேர் நுழைந்தால் பொது டிரைவில் ஒரு கோப்பு மிஞ்சாது. சோதனைக்காகக்கூட வேண்டாம். சோதனைக்காகக் கொடுத்ததை யாரும் திரும்ப எடுப்பதில்லை.

6. பூட்டை உடைக்கும் முன் ஆளைக் கேளுங்கள்.

ஒருவர் கோப்பைத் திறந்ததும் அதே ஃபோல்டரில் ‘~$’ என்று தொடங்கும் மறைவான குட்டிக் கோப்பு ஒன்று உருவாகும். வேர்டுக்கு அது 162 பைட். திறந்திருப்பவர் பெயர் அதற்குள் இருக்கும். அடுத்தவருக்கு “இன்னார் திருத்திக்கொண்டிருக்கிறார்” என்று காட்டுவது அதைப் பார்த்துத்தான். முறையாக மூடினால் அது தானாகப் போய்விடும். கணினி தொங்கிப்போனாலோ லேப்டாப்பைத் திறந்த கோப்போடு மூடி எடுத்துப்போனாலோ அப்படியே தங்கிவிடும். சில நேரம் ஒருவருடைய சொந்தப் பெயரிலேயே அவருக்குப் பூட்டு விழும். நேற்றைய எக்செல் பின்னணியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

உண்மையான பூட்டு அந்தக் குட்டிக் கோப்பு அல்ல. சர்வர் பராமரிக்கும் திறந்த கோப்புகளின் பட்டியல். ‘கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்’டில் ‘ஷேர்டு ஃபோல்டர்ஸ்’, அதற்குள் ‘ஓபன் ஃபைல்ஸ்’. யார், எந்தக் கோப்பு, படிக்கவா எழுதவா என்று எல்லாம் தெரியும். அங்கிருந்தே மூடவும் முடியும். முடியும் என்பதற்காக மூடிவிடாதீர்கள். “அக்கா, அந்த ஸ்டாக் ஃபைல் உங்ககிட்ட திறந்திருக்கா? சேவ் பண்ணிட்டு மூடிடுறீங்களா?” என்று ஒரு போன் போடுங்கள். அவர் சேமிக்காத வேலையோடு உட்கார்ந்திருக்கலாம். ஆள் ஊரில் இல்லை, கணினி அணைந்திருக்கிறது என்று உறுதியான பிறகு மூடுங்கள்.

பட்டியலில் வரும் பெயர் எப்போதும் கோப்பைத் திறந்தவராக இருக்க வேண்டியதில்லை. எக்ஸ்ப்ளோரரில் பிரிவ்யூ பேனைத் திறந்து வைத்திருந்து கோப்பின் மேல் ஒரு தடவை கிளிக் செய்தாலே பிடித்துக்கொள்ளும். ஆன்டிவைரஸும் பேக்கப் நிரலும்கூடச் சில நொடிகள் பிடிக்கும். மறுமுறை அழுத்தினால் சேவ் ஆகிறது, முதல் முறை ஆகவில்லை என்கிற வகைப் புகார்களில் ஆன்டிவைரஸைப் பாருங்கள்.

பலர் ஒரே நேரத்தில் ஒரே ஷீட்டில் எழுதியாக வேண்டும் என்றால் பொது டிரைவ் அதற்கான இடமல்ல. ஷேர்பாயின்ட், கூகுள் ஷீட்ஸ் போன்றவை அதற்காகவே இருக்கின்றன. மாற்றச் சொல்லுங்கள்.

7. “இடமில்லை” என்றால் எந்த இடம் என்று பாருங்கள்.

நான்காவதில் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். புதியதை முழுசாக எழுதி முடித்த பிறகுதான் பழையது நீக்கப்படுகிறது. எனவே 300 எம்பி கோப்பைச் சேமிக்க இன்னொரு 300 எம்பி காலியாக இருக்க வேண்டும். “ஒரு எண்ணைத்தான் மாத்தினேன், அதுக்கா இடமில்லை?” என்று கேட்பவருக்கு இதுதான் பதில்.

டிஸ்க்கில் இடம் இருந்தும் மறுத்தால் கோட்டாவைப் பாருங்கள். விண்டோஸ் சர்வரில் ‘ஃபைல் சர்வர் ரிசோர்ஸ் மேனேஜர்’ வழியாக ஃபோல்டருக்கு வரம்பு வைத்திருந்தால், வரம்பு நிரம்பியதும் டிஸ்க் நிரம்பியது போன்ற அதே செய்திதான் வரும். அதே கருவியில் ‘ஃபைல் ஸ்க்ரீனிங்’ என்று ஒன்று இருக்கிறது. வீடியோ, பாட்டு போன்ற வகைகளைத் தடுக்கலாம். அதில் மாட்டினால் ‘அனுமதி இல்லை’ என்றுதான் செய்தி வரும். பெர்மிஷனை எவ்வளவு திறந்தாலும் தீராது. உங்களுக்கு முன் இருந்தவர் என்ன வைத்துவிட்டுப் போனார் என்று முதல் வாரத்திலேயே பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

8. பெயரும் பாதையும் நீண்டால் சேவ் நிற்கும்.

விண்டோஸில் பாதைக்கும் பெயருக்கும் சேர்த்துப் பழைய வரம்பு 260 எழுத்துகள். விண்டோஸ் 10-இன் 2016 வெளியீட்டிலிருந்து அதைத் தளர்த்த வழி இருக்கிறது, ஆனால் எல்லா நிரல்களும் அதை ஏற்பதில்லை. எக்செலின் வரம்பு இன்னும் குறைவு, 218. நிதியாண்டு, வாடிக்கையாளர் பெயர், கிளை, மாதம், ‘இறுதி’, ‘இறுதி திருத்தியது’ என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராக அடுக்கும் ஆபீஸ்களில் இந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும். மேலே இருக்கும் ஒரு ஃபோல்டரின் பெயரை யாரோ நீளமாக்கினால், கீழே நேற்றுவரை நன்றாக இருந்த நூறு கோப்புகள் இன்று சேவ் ஆகாது. பெயர் மாற்றியவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் தொடர்பே தெரியாது. உடனடித் தீர்வு, ஆழத்தில் உள்ள ஃபோல்டருக்கே தனியாக ஒரு டிரைவ் எழுத்து கொடுப்பது. நிரந்தரத் தீர்வு, பெயர்களைக் குறுக்குவது.

தமிழில் பெயர் வைக்கும் ஆபீஸ்களுக்கு இங்கே கூடுதலாக ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான நாஸ் பெட்டிகளுக்குள் ஓடுவது லினக்ஸ். அதில் ஒரு கோப்புப் பெயரின் வரம்பு 255 எழுத்துகள் அல்ல, 255 பைட்கள். யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். உயிர்மெய்யில் மெய்க்குத் தனியாக, உயிர்க்குறிக்குத் தனியாக. ‘நிறுவனங்களின்’ என்பது கண்ணுக்கு எட்டு எழுத்து; கணினிக்கு 13 குறியீடு; நாஸுக்கு 39 பைட். எல்லாம் சேர்த்து 85 குறியீட்டைத் தாண்டினால் நாஸ் ஏற்காது. அதே பெயர் டெஸ்க்டாப்பில் எந்தத் தடையும் இல்லாமல் சேவ் ஆகும், ஏனென்றால் விண்டோஸ் குறியீடுகளை எண்ணுகிறது, பைட்டை அல்ல. என்கிரிப்ட் செய்த ஃபோல்டர்களில் சில நாஸ்களின் வரம்பு 143 பைட்தான். அதாவது தமிழில் 47 குறியீடு. இதைத் தெரியாமல் “தமிழ்ல பேர் வச்சா இப்படித்தான், இங்கிலீஷ்ல வைங்க” என்று சொல்லும் சர்வீஸ்காரர்களைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். தமிழில் தாராளமாகப் பெயர் வைக்கலாம். சுருக்கமாக வைக்கச் சொல்லுங்கள், போதும்.

9. தடை செய்யப்பட்ட குறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சாய்கோடு, முக்காற்புள்ளி, நட்சத்திரக் குறி, கேள்விக்குறி, இரட்டை மேற்கோள், கோண அடைப்பு, செங்குத்துக் கோடு இவை விண்டோஸில் பெயருக்குள் வரக் கூடாது. தேதியைச் சாய்கோடு போட்டு எழுதும் பழக்கம் இங்கே இடறும். பெயரின் கடைசியில் தங்கிவிட்ட இடைவெளியும் புள்ளியும்கூடத் தொல்லை. மேக் பயன்படுத்துபவர் ஒருவர் இருக்கும் ஆபீஸ் என்றால் இதை முதலிலேயே சந்தேகியுங்கள்.

10. சர்வரை மட்டுமல்ல, சுவிட்சையும் யூபிஎஸ்ஸில் போடுங்கள்.

“சேவ் பண்ணும்போது கட் ஆகுது, அப்புறம் சரியாயிடுது” என்ற புகாருக்கு மென்பொருளில் பதில் தேடி நாள்களைக் கழிப்பவர்கள் உண்டு. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில் சர்வர் யூபிஎஸ்ஸில் நிற்கும், கணினிகளும் நிற்கும். மேஜைக்கு அடியில் கிடக்கும் எட்டு போர்ட் சுவிட்ச் நேரே சுவர் பிளக்கில் இருக்கும். அது அணைந்து எழுந்திருக்க ஆகும் நேரத்தில் திறந்திருந்த எல்லாக் கோப்புகளின் தொடர்பும் அறுந்துவிடும். விண்டோஸ் கோப்புகளைப் பகிரும் நெறிமுறையான எஸ்எம்பியில் 2-ஆம் பதிப்பு வந்த பிறகு சிறு இடைவெளிகளைத் தாங்கிக்கொண்டு பழைய தொடர்பை மீட்கும் வசதி இருக்கிறது, ஆனால் எல்லா நேரமும் கைகொடுக்காது. கேபிளின் முனையைக் கையால் தொட்டுப் பாருங்கள். பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தால் கால் பட்டாலே ஆடும். ஐம்பது ரூபாய்க் கேபிளுக்காகச் சர்வரை மாற்றச் சொன்ன கதைகள் எனக்குத் தெரியும்.

கணக்கு வேலை பார்ப்பவர்களுக்கு வைஃபை வேண்டாம், கம்பி போடுங்கள். லேப்டாப்பில் ஸ்லீப் நேரத்தைக் கூட்டி வையுங்கள். டிரைவின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி தெரிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 15 நிமிடம் யாரும் தொடாவிட்டால் விண்டோஸ் சர்வர் தொடர்பை விட்டுவிடுவது இயல்பான நடத்தை. கிளிக் செய்தால் திரும்ப வந்துவிடும். வராவிட்டால்தான் கோளாறு.

11. பாஸ்வேர்டும் கடிகாரமும்.

நேற்று பாஸ்வேர்டு மாற்றியவருக்கு இன்று டிரைவ் மறுத்தால், ‘கிரெடென்ஷியல் மேனேஜ’ரில் பழைய பாஸ்வேர்டு உட்கார்ந்திருக்கும், நீக்குங்கள். பழைய கணினியில் சிமாஸ் பேட்டரி தீர்ந்து தேதி பின்னுக்குப் போயிருந்தால் டொமைன் சர்வர் உள்ளேயே விடாது. டொமைன் லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் பொறுத்துக்கொள்ளும் நேர வித்தியாசம் இயல்பாக 5 நிமிடம்தான். ஒரு சிறு பேட்டரியில் தீரும் வேலை.

12. பழைய எஸ்எம்பி 1-ஐத் திரும்பத் திறக்காதீர்கள்.

சர்வரையோ விண்டோஸையோ புதுப்பித்த மறுநாள், ஜெராக்ஸ் மெஷினிலிருந்து ஃபோல்டருக்கு வந்துகொண்டிருந்த ஸ்கேன் நின்றுவிடும். பழைய நாஸ் தெரியாமல் போகும். இணையத்தில் தேடினால் “எஸ்எம்பி 1-ஐ ஆன் செய்யுங்கள்” என்று வரும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் உலகெங்கும் மருத்துவமனைகளையும் ஆலைகளையும் முடக்கியது அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், திருத்தம் வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். அந்த ஆண்டின் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 தானாக நிறுவப்படுவதே இல்லை. மெஷினின் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். முடியாவிட்டால் ஸ்கேனை மின்னஞ்சலுக்கு அனுப்பும்படி மாற்றுங்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போய், கையொப்பமிட்ட எஸ்எம்பி தொடர்பைக் கேட்கிறது. பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் நுழைவையும் ப்ரோ பதிப்பில் மறுக்கிறது. அதற்காகப் பாதுகாப்பைத் தளர்த்தாமல், நாஸில் ஒவ்வொருவருக்கும் பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்கிக் கொடுங்கள்.

13. சேவ் ஆனது போலத் தோன்றுவதையும் சந்தேகியுங்கள்.

‘ஆஃப்லைன் ஃபைல்ஸ்’ வசதி இயங்கும் லேப்டாப்பில், சர்வர் கிடைக்காதபோதும் சேவ் ஆகும். கோப்பு போவது லேப்டாப்பின் உள்ளே இருக்கும் நகலுக்கு. “நான் நேத்தே சேவ் பண்ணிட்டேன்” என்று ஒருவரும், “இங்கே பழசுதான் இருக்கு” என்று இன்னொருவரும் சொன்னால் இருவரையும் நம்புங்கள். ‘சிங்க் சென்ட’ரைத் திறந்து முரண்பட்ட நகல்களைப் பாருங்கள். எதை வைத்துக்கொள்வது என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். கோப்புக்கு உரியவரை உட்காரவைத்துச் செய்யுங்கள்.

14. அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பைப் பொது டிரைவில் வைத்துத் திறக்க வேண்டாம்.

மைக்ரோசாஃப்டே அதை ஆதரிப்பதில்லை. ஆக்சஸ் டேட்டாபேஸை வைஃபை வழியாகத் திறப்பதும் அதே போல ஆபத்து. நடுவில் தொடர்பு அறுந்தால் கோப்பே கெட்டுவிடும்.

15. மீட்க முடியுமா என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருங்கள்.

பொது டிரைவிலிருந்து நீக்கிய கோப்பு அந்தக் கணினியின் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. பலருக்கு இது போன பிறகுதான் தெரிகிறது. விண்டோஸ் சர்வரில் ஷேடோ காப்பியை இயக்கி வைத்தால், மாற்றாதவரை, வேலை நாள்களில் காலை 7 மணிக்கும் நண்பகல் 12 மணிக்கும் ஒரு நிலையைப் பதிந்து வைக்கும். ஒரு டிரைவுக்கு 64 வரை. கோப்பின் மேல் வலக் கிளிக் செய்து ‘பிரீவியஸ் வெர்ஷன்ஸ்’ போனால் பயனரே மீட்டுக்கொள்ளலாம். நான்காவதில் சொன்ன அந்த முதலாளிக்கு நான் செய்து கொடுத்தது இதைத்தான். நீக்கும் உரிமையைத் திரும்பக் கொடுத்தோம், ஷேடோ காப்பியை இயக்கினோம், கூடவே தினமும் இரவு வேறொரு பெட்டிக்கு பேக்கப் எடுக்க வைத்தோம். அதே டிஸ்க்கில் இருக்கும் ஷேடோ காப்பி டிஸ்க் போனால் கூடவே போய்விடும் என்பதால் அந்த வெளி பேக்கப் கட்டாயம்.

ஒவ்வொரு அழைப்பையும் முடிக்கும் முன் அந்த நபரையே இன்னொரு முறை சேவ் செய்யச் சொல்லுங்கள். பக்கத்துக் கணினியில் அதே கோப்பைத் திறந்து புதிய எண் அங்கே தெரிகிறதா என்று பாருங்கள். டெஸ்க்டாப்பில் காப்பாற்றி வைத்த நகலை அதன் பிறகே அழியுங்கள். என்ன செய்தி வந்தது, என்ன காரணம், என்ன செய்தீர்கள் என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். உங்களுக்குப் பின் வருகிறவருக்கு அது உதவும்.

இதைப் படித்து முடித்ததும் ஒன்று செய்யுங்கள். உங்கள் பொறுப்பில் இருக்கும் சர்வரில் போன வாரத்து பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு எக்செல் கோப்பை மீட்டு, திறந்து, கடைசி ஷீட்வரை பாருங்கள். திறக்கவில்லை என்றால், இன்று வீட்டுக்குக் கிளம்பும் முன் அதைச் சரிசெய்துவிடுங்கள்.